விஞ்ஞானியின் படம்

தமிழில் படம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சுவரில் ஆணி அடித்து மாட்டி, வருஷத்துக்கு ஒரு முறை தூசி தட்டி மாலை போடுவது படம். கொட்டகையில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதும் படம். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சினிமாவாக எடுக்கும்போது நாம் முதல் வகைப் படத்தைத்தான் இரண்டரை மணி நேரத்துக்கு நீட்டி, பின்னணி இசை சேர்த்து, இரண்டாம் வகைப் படமாக விற்கிறோம். மாலை மட்டும் சுவரிலிருந்து கட்-அவுட்டுக்கு இடம் மாறுகிறது.

இந்தச் சட்டத்துக்குள் விஞ்ஞானி அடங்குவாரா என்ற கேள்வியை எழுப்ப இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. 2025 மே மாதம் பிரான்சில் கான் திரைப்பட விழாவின்போது, அப்துல் கலாமின் வாழ்க்கை படமாகப் போவதாக அறிவித்தார்கள். கலாமாக நடிப்பவர் தனுஷ்; இயக்கம் ஓம் ராவுத். கலாம் என்ற பெயரோடு 'இந்தியாவின் ஏவுகணை மனிதர்' என்ற பட்டமும் ஆங்கிலத்தில் தலைப்பிலேயே ஒட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டில் ஜி.டி. நாயுடுவாக மாதவன் நடிக்கும் படமும் பேச்சில் இருந்தது. ஆக, விஞ்ஞானி நம் சினிமா வியாபாரத்துக்குத் தோதான சரக்காகிவிட்டார்.

வராத படத்துக்கு விமர்சனம் எழுதுவது அபத்தம். நான் செய்ய நினைப்பது அது அல்ல. விளம்பரம் நம் எதிர்பார்ப்பை வடிவமைப்பதற்கு முன்னால், எதை எதிர்பார்ப்பது நியாயம் என்பதை நாமே வரலாற்றைப் பார்த்துத் தீர்மானித்துக் கொள்ளலாம். படம் வந்த பிறகு அந்த அவகாசம் கிடைக்காது. அதன்பின் ஒரு தலைமுறைக்குக் கலாமின் முகம் தனுஷின் முகம்தான், கட்டபொம்மனின் குரல் சிவாஜி கணேசனின் குரல் ஆகிவிட்டது போல.

2

தமிழ் சினிமாவில் வாழ்க்கை வரலாறு என்பது அடியார் கதையாகத்தான் தொடங்கியது. 1935-லும் 1942-லும் நந்தனார் படமானார். அடியார் கதைக்கு ஓர் அமைப்பு உண்டு. பிறவியிலேயே பக்தி, உலகம் அவமதிக்கிறது, சோதனை, மீண்டும் சோதனை, கடைசியில் தரிசனம். அடியாரின் உழைப்பு இதில் முக்கியமல்ல. நந்தன் வயலில் என்ன பயிர் செய்தான், எப்படிச் செய்தான் என்பது கதைக்கு வேண்டாத விஷயம். வேண்டியதெல்லாம் ஏக்கமும் அதற்குக் கிடைக்கும் பலனும்.

பிறகு தேசபக்தர்கள் வந்தார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல். 'கப்பலோட்டிய தமிழன்' 1961-ல். இரண்டும் பி.ஆர். பந்துலு எடுத்தவை, இரண்டிலும் சிவாஜி. முன்னது பெரும் வெற்றி, பின்னது வந்த காலத்தில் வசூலில் தோல்வி. வ.உ.சி. செய்தது ஒரு கம்பெனி நடத்தும் காரியம்: பங்கு சேர்த்தல், கப்பல் வாங்குதல், கட்டணப் போட்டி. அதாவது வேலை. வேலையைத் திரையில் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. செக்கிழுத்ததை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டோம். ஏனென்றால் அது சோதனை. அடியார் கதையில் அதற்கு ஏற்கனவே இடம் இருக்கிறது.

இதே காலத்துக்குச் சற்று முன்பு ஹாலிவுட்டிலும் விஞ்ஞானிகளைப் படமாக்கினார்கள். 1936-ல் பாஸ்டர், 1943-ல் மேரி கியூரி. அங்கேயும் வியாபாரம்தான், அங்கேயும் காதலும் கண்ணீரும்தான். ஆனால் கியூரி படத்தில் ஒரு பகுதி இருக்கிறது. டன் கணக்கான தாதுக் குப்பையைக் காய்ச்சி, வடித்து, மீண்டும் காய்ச்சி, ஆயிரக்கணக்கான முறை படிகமாக்கி, கடைசிக் கிண்ணத்தைப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. ஒரு கறை மட்டும். நாலு வருஷ உழைப்பு ஒரு கறை. அன்றிரவுதான் அந்தக் கறையே தாங்கள் தேடியது என்று தோன்றித் திரும்பிப் போகிறார்கள். இருட்டில் அது ஒளிர்கிறது. இந்த இடத்தில் சினிமா தன்னை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது. விஞ்ஞானத்தில் தோல்விக்கும் கண்டுபிடிப்புக்கும் வெளித்தோற்றம் பெரும்பாலும் ஒன்றே. வித்தியாசம் தெரிய, அந்தக் கறையோடு இருட்டில் இருக்க ஒருவருக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவது யார்? என் கட்டுரையின் கேள்வி இதுதான்.

3

ராமானுஜனை எடுத்துக்கொள்வோம். ஞான ராஜசேகரன் 2014-ல் 'ராமானுஜன்' எடுத்தார். அடுத்த ஆண்டு ராபர்ட் கனிகலின் நூலை வைத்து ஆங்கிலத்தில் ஒரு படம் வந்தது. தேவ் படேல் ராமானுஜனாகவும் ஜெரமி அயர்ன்ஸ் ஹார்டியாகவும் நடித்தார்கள். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடைக் குமாஸ்தாவின் மகன், நாமகிரித் தாயார் நாவில் எழுதிய சூத்திரங்கள், கடல் கடந்த பயணம், குளிர், காசநோய், மரணம். நந்தனார் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விஞ்ஞானி கிடைக்கமாட்டார். தெய்வம்கூடத் தயாராக இருக்கிறது.

நான் வங்கியில் கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் வேறொரு இடம் கண்ணில் படுகிறது. 1912 மார்ச் 1-ம் தேதி ராமானுஜன் சென்னைத் துறைமுக டிரஸ்டில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவர். அதற்கும் மேலே டிரஸ்டின் தலைவராக இருந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஓர் என்ஜினியர். ராமானுஜனும் நாராயண ஐயரும் இரவுகளில் சிலேட்டுப் பலகைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஹார்டிக்கு 1913 ஜனவரி 16-ல் எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தன்னை முதலில் அறிமுகப்படுத்திக் கொள்வது துறைமுக டிரஸ்டின் குமாஸ்தா என்றுதான். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது.

ஆங்கிலப் படத்தில் நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் வருகிறார்கள். ஆனால் கப்பல் ஏறும்வரையிலான முன்னுரையாக. ஆபீஸ் என்பது மேதை தப்பிக்க வேண்டிய கூண்டு என்பது சினிமாவின் பாலபாடம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கல்லூரிப் பரீட்சைகளில் தேறாத ஒருவரின் விசித்திரத்தை, என்னவென்று முழுக்கப் புரியாமலே, பொறுத்துக்கொண்ட ஒரு ஸ்தாபனத்தை அது காட்டுகிறது. துறைமுக டிரஸ்ட் கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் கணக்கு வைக்க ஏற்பட்டது. கணிதத்தை வளர்க்க அல்ல. இருந்தும் அங்கே ஓர் இடைவெளி இருந்தது. அதை உண்டாக்கியவர்கள் இருவர் மூவர். தாயாரின் அருளைவிட இது குறைந்த அற்புதமா?

அதே படத்தில் பாகப்பிரிப்பு எண் பற்றிய காட்சி ஒன்று உண்டு. 200 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம்? விடை ஏறத்தாழ 4 லட்சம் கோடி. மேஜர் மக்மஹோன் 200 வரைக்குமான அட்டவணையைக் கையால் கணக்கிட்டார். ஹார்டியும் ராமானுஜனும் கண்ட சூத்திரம் சரிதானா என்று சோதிக்க அந்த அட்டவணைதான் உரைகல். படம் இதைப் போட்டியாக்கி, யார் ஜெயித்தார்கள் என்று நம்மைக் கைதட்ட வைக்கிறது. மக்மஹோன் தோற்றவர் அல்ல. கணக்குப் பிள்ளையின் பொறுமையோடு அவர் போட்ட கூட்டல் இல்லாவிட்டால் சூத்திரத்தின் துல்லியம் யாருக்கும் தெரிந்திருக்காது.

4

இதற்கு நேர் எதிரான கதையும் நம் நாட்டில் உண்டு. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் தம் இரண்டு சகாக்களோடு செய்த முயற்சியின் பலனாக 1978 அக்டோபர் 3-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்தத் துறையில் அனுபவமில்லாத குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. வெளிநாட்டில் போய்த் தம் வேலையைப் பற்றிப் பேச அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது உண்மை என்று வெகுகாலம் கழித்து, 1990-களின் பிற்பகுதியில், அவருடைய குறிப்புகளைப் படித்த இன்னொரு விஞ்ஞானிதான் எடுத்துச் சொன்னார். அதுவரை இந்தியாவின் முதல் என்ற பெருமை அந்த இன்னொருவருக்குத்தான் இருந்தது.

தபன் சின்ஹா 1990-ல் இதை வைத்து 'ஏக் டாக்டர் கி மௌத்' எடுத்தார். பெயர்களை மாற்றி, குழந்தைப் பேற்றைத் தொழுநோய்த் தடுப்பு மருந்தாக மாற்றினார். விவரங்களில் அது வரலாறு அல்ல. ஆனால் ஒரு குமாஸ்தாவின் மேஜையில் ஒரு கோப்பு எப்படி மனிதனைக் கொல்லும் என்பதை அதைவிடச் சரியாகக் காட்டிய இந்தியப் படத்தை நான் பார்த்ததில்லை. பங்கஜ் கபூரின் டாக்டர் அடியார் அல்ல. முன்கோபி, மனைவியைக் கவனிக்காதவர், நம்மால் சுலபமாக நேசிக்க முடியாதவர். தரிசனமும் கிடையாது. கறையோடு இருட்டில் இருக்க அனுமதி மறுக்கப்பட்ட ஒருவரின் கதை. வாழ்க்கை வரலாறு என்ற லேபிள் ஒட்டாத இந்தப் படம், ஒட்டிய படங்களைவிட வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

லேபிள் ஒட்டியவை என்ன செய்தன? 2022-ல் வந்த 'ராக்கெட்டரி' நம்பி நாராயணனின் கதை. மாதவன் எழுதி, இயக்கி, நடித்தது. 69-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. நம்பி 1994-ல் கைதானதும், வழக்கு பொய்யென்று ஆனதும், உச்ச நீதிமன்றம் 2018-ல் 50 லட்ச ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னதும் நடந்தவை. அந்த அநீதியைப் பதிவு செய்தது நல்ல காரியம். முன்பாதியில் பிரான்சில் திரவ என்ஜின் வேலை வரும் இடங்களில் உயிரும் இருக்கிறது. ஆனால் முடிவைப் பாருங்கள். பேட்டி எடுப்பவராகத் தமிழில் சூர்யா. எதிரே இருந்த மாதவன் மறைந்து நிஜமான நம்பி நாராயணனே தோன்றுகிறார். பேட்டியாளர் தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறார். 1942-ன் தரிசனக் காட்சியேதான் இது. இப்போது அடியாரே தெய்வமாகிக் காட்சி தருகிறார். தெய்வத்திடம் யாரும் சான்று கேட்பதில்லை. அந்த ஆகஸ்டில் முன்னாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் திருவனந்தபுரத்தில் கூடி, பலர் சேர்ந்து செய்ததைப் படம் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டது என்று ஆட்சேபித்தார்கள். ஒவ்வொரு விவரத்திலும் யார் சொல்வது சரி என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆட்சேபணை எழுந்த விதமே போதும்: ஒருவரின் படத்தைப் பெரிதாக்க மற்றவர்களின் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு வந்த 'ராக்கெட் பாய்ஸ்' தொடரில் ஹோமி பாபாவுக்கு ஓர் எதிரி தேவைப்பட்டார். மெஹ்தி ராஸா என்று ஒரு முஸ்லிம் விஞ்ஞானியைக் கற்பித்தார்கள். பாபாவோடு நிஜமாகவே கருத்து மோதல் கொண்டிருந்த மேகநாத் சாஹாவின் சாயல் அதில் தெரிகிறது என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். சாஹா பின்தங்கிய சாதியில் பிறந்து, பாராளுமன்றம் வரை போய், அணுசக்தியின் ரகசியத்தைக் கேள்வி கேட்டவர். அந்த விவாதத்தை எடுத்திருந்தால் படம் வேறொரு தளத்துக்குப் போயிருக்கும். அதற்குப் பதில் பொறாமை பிடித்த ஒருவரைத் தயாரித்தார்கள்.

5

இந்தப் பின்னணியில் கலாம் படம் வருகிறது. அதன் முதல் ஒரு மணி நேரத்தை நாம் இப்போதே எழுதிவிடலாம். ராமேஸ்வரம், தந்தையின் படகு, புயல், ரயிலிலிருந்து விழும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கும் சிறுவன், கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் அக்கா, விமானப் படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து தோற்று ரிஷிகேசம் போதல். 1999-ல் வந்த சுயசரிதையிலிருந்து பள்ளிக்கூட மேடைகள் வழியாக எல்லோருக்கும் மனப்பாடமான காட்சிகள். இவை பொய்யல்ல. ஆனால் இவற்றில் விஞ்ஞானமும் இல்லை.

விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நூலில் இருக்கிறது. உவமையாகச் சொல்லவில்லை. தும்பாவில் கலாம் செய்த முக்கியமான வேலை கண்ணாடி இழை சம்பந்தப்பட்டது. இழையைப் பிசினில் நனைத்து, சுழலும் ஓர் உருளையின்மேல் சரியான கோணத்தில், சரியான இழுவிசையில், அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். பிசின் இறுகியதும் உருளையை எடுத்துவிட்டால் அழுத்தம் தாங்கும் உறை மிஞ்சும். எஃகைவிடப் பல மடங்கு இலேசானது. ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோ மிச்சம் பிடித்தால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ கூட்டலாம். ஆகவே நாலாவது கட்டம் இழையால் ஆனது. முள்ளிப்பட்டில் வீட்டுத் திண்ணையில் தார் சுற்றும் பெண்களுக்கு இதை நான் விளக்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இழுப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்வதற்கு முன் அவர்களே சொன்னார்கள். ஊடைக்கு நூல் சுற்றுவதற்கும் ராக்கெட்டுக்கு இழை சுற்றுவதற்கும் உள்ள தூரம் பெரிய தூரம்தான். ஆனால் அது ஒரே சாலையில் உள்ள தூரம்.

அந்த நாலாவது கட்டத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. பிரான்சின் டயமான்ட் ராக்கெட்டுக்கும் பொருந்தும்படி அதை மாற்றி வடிவமைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். உழைப்பு வீண் என்று நினைத்திருப்பார்கள். 1981 ஜூனில் ஆரியன் ராக்கெட்டில் போன 'ஆப்பிள்' செயற்கைக்கோளை அதன் பாதையில் சேர்த்தது அதே கட்டத்திலிருந்து வந்த மோட்டார். ஒரு தோல்வி அலமாரியில் காத்திருந்து வேறொன்றின் வெற்றியாகிறது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கு இதற்குப் பொறுமை இருக்கும்?

1979-ஐப் பார்ப்போம். எஸ்.எல்.வி.-3 நாலு கட்டத் திட எரிபொருள் ராக்கெட். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. கலாம் திட்டத்தின் தலைவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக் கருவியைத் தரையில் சோதித்துக் கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. என்னவென்று பார்க்க ஆட்கள் நெருங்கியபோது நைட்ரிக் அமிலத் தொட்டி வெடித்தது. ஆறு பேருக்குக் கடும் அமிலக் காயம். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஒருவர், வேலை தாமதமாகிவிட்டதே என்று வருந்தியதாகக் கலாமே எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் நின்றது. புறப்பாட்டுக்குச் சில நிமிஷம் முன்பு கணிப்பொறி நிறுத்தச் சொன்னது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டில் அமிலக் கசிவு. இருப்பு போதும் என்று நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள். கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவு செய்தவர் கலாம். பின்னாளில் அவர் இதை மறைக்காமல் சொன்னார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இல்லை. 317 வினாடியில் கதை முடிந்தது. கலாமுக்குப் பிரியமான நாலாவது கட்டமும் செயற்கைக்கோளும் வங்காள விரிகுடாவில். காரணம், ஒரு வால்வில் சிக்கிய அழுக்கு. முதல் உத்தரவுக்குத் திறந்த வால்வு மூடிக்கொள்ளவில்லை. புறப்படுவதற்கு முன்பே அமிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

பத்திரிகையாளர்களை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே சந்தித்துத் தோல்வியை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல், காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின், அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைப் பாதையில் நிறுத்தியபோது கலாமைப் பேச அனுப்பினார். கலாம் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி இது. நிர்வாகவியல் உபதேசிகள் பிடித்துக்கொண்டார்கள்: தோல்வி தலைவனுக்கு, வெற்றி தொண்டனுக்கு. படத்தில் இது நிச்சயம் வரும், வயலின் இசையோடு.

எனக்கு வேண்டியது இரண்டு கூட்டங்களுக்கும் நடுவிலுள்ள பதினோரு மாதங்கள். ராக்கெட் விழுந்த மறுநாளே எழுபதுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து என்ன நடந்தது என்று ஆராய்ந்தார்கள். யார் துரோகி என்று தேடவில்லை. எந்த வால்வு என்று தேடினார்கள். திட்டத் தலைவர் எழுந்து பொறுப்பு தன்னுடையது என்றார். அவரை யாரும் கண் மருத்துவமனைக்கு மாற்றவில்லை. அவரும் அவர் ஆட்களும் அதே மேஜைகளுக்குத் திரும்பினார்கள். ஏழை நாடு ஒன்று தன் வரிப்பணத்தில் செய்த ராக்கெட்டைக் கடலில் போட்டவர்களை வேலையில் வைத்துக்கொண்டது. தவானும் பிரம்ம பிரகாஷும் கட்டிக் காத்தது இந்த வழக்கத்தைத்தான். துறைமுக டிரஸ்டில் தற்செயலாக நேர்ந்ததும், கல்கத்தாவில் மறுக்கப்பட்டதும் இங்கே ஒரு முறையாகவே நடந்தது. பிறகு 1981-ல் இன்னொரு ஏவுதல் பாதிதான் பலித்தது. 1983-ல் மீண்டும் வெற்றி. நாலு முறையில் இரண்டு முழு வெற்றி. தனி மனிதனின் வைராக்கியமாக மட்டும் இதைப் படமெடுத்தால் எடுப்பவர்களுக்கு இது புரியவில்லை என்று பொருள்.

6

தலைப்பிலுள்ள ஏவுகணையையும் மறக்க முடியாது. 1988-ல் பிருத்வி, 1989-ல் அக்னி. அக்னியின் முதல் கட்டம் எஸ்.எல்.வி.-3-ன் முதல் கட்டமே. வானிலைக்கும் வானொலிக்கும் என்று சொல்லிக் கற்றது குண்டுக்கும் உதவியது. அக்னியின் மூக்கு காற்றில் உரசி எரியாமலிருக்கக் கரி இழையால் ஆன பொருளை உருவாக்கினார்கள். அந்த இழைக் கலையிலிருந்துதான் போலியோ குழந்தைகளுக்கான இலேசான காலணைப்புகளும் வந்தன. மூன்று கிலோ இரும்பு சில நூறு கிராமானது. கலாம் தம் வாழ்க்கையின் ஆனந்தம் என்று சொன்னது இந்தக் காலணைப்பை. ஒரே நூலின் இரண்டு முனைகள் இவை. காலணைப்பைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்து, மூக்குக் கூம்பைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது சுலபம். இரண்டும் ஒன்று என்ற சங்கடத்தோடு பார்வையாளனை உட்கார வைப்பதுதான் கலை.

2023-ல் 'ஓப்பன்ஹைமர்' வந்தபோது அந்தச் சங்கடத்தை மூன்று மணி நேரம் நீட்டினார்கள். அதன் பின்பாதி முழுக்க விசாரணை அறைதான். நம் ஊரில் அந்தப் படத்தைப் பற்றிய சர்ச்சை எதைக் குறித்து? படுக்கையறைக் காட்சியில் கீதை வந்துவிட்டது என்று. குண்டைப் பற்றி அல்ல. 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளைக் கலாம் படம் எப்படிக் காட்டும் என்பதில் எனக்குப் பிரமைகள் இல்லை.

ஒரு காட்சியை மட்டும் கேட்கிறேன். 2011 நவம்பரில் கலாம் கூடங்குளம் போய், அணு உலை பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தார். இடிந்தகரை மீனவர்கள் ஏற்கவில்லை. ராமேஸ்வரத்துப் படகுக்காரரின் மகன் ஒருபுறம், படகுக்காரர்கள் மறுபுறம். கணக்கு போதும் என்று நிபுணர் சொல்ல, கசிவு இருந்தால் என்று கடற்கரை கேட்கிறது. 1979 ஆகஸ்டில் இதே வாக்கியங்கள் ஒரு கட்டுப்பாட்டு அறைக்குள் பேசப்பட்டன. யார் பக்கம் சரி என்று படம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு அறைகளும் ஒரே வாழ்க்கையில் இருந்தன என்று காட்டினால் போதும். கலாமைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் கோபிக்க வேண்டாம். படச்சட்டத்திலிருந்து அவரை இறக்கி மனிதராக்கும் மரியாதை அது.

7

இதெல்லாம் ஒரு சினிமாவைப் பற்றிய ரசனைப் பிரச்சனை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆரணியைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் தறியைப் பையனுக்குக் கொடுக்க விரும்பும் தகப்பன் இன்று அரிது. பையன் என்ஜினியரிங் படிக்க வேண்டும். கல்விக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகப் போகின்றன. பாவு பிணைத்துக் காய்த்த விரலால் தகப்பன் கையெழுத்துப் போடுகிறார். பையனின் நோட்டில் கலாம் படம், கீழே கனவு காணச் சொல்லும் வாசகம். கனவு என்றால் என்ன செய்வது என்று அந்தப் படம் அவனுக்குச் சொல்வதில்லை. மூன்று தாளில் அரியர் விழுந்ததும், வேலை கிடைக்காததும், தவணை தவறியதும் தன் கனவின் பலவீனம் என்றே அவன் நினைக்கிறான். கனவு கண்டவர் ஜெயித்தார் என்பதுதானே அவனுக்குச் சொல்லப்பட்ட கதை? அவர் தோற்றபோது மறுநாள் காலை அவருக்கு ஒரு மேஜை இருந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மேஜையை யார் போட்டார்கள், ஏன் இன்று நம்மிடம் அப்படிப்பட்ட மேஜைகள் இத்தனை குறைவு என்று அவன் கேட்கத் தொடங்கினால் அது அரசியல். படச்சட்டம் அரசியலைத் தடுக்கும் நல்ல சாதனம்.

அவன் தகப்பனுக்கு இது தெரியும். ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி நாடாவை ஓட்ட வேண்டும். அறுந்ததற்காக யாரும் பாவையே வெட்டி எறிவதில்லை. முடிந்த சேலையில் நெய்தவர் பெயரும் இருப்பதில்லை. பாவு ஓட்டியவர், தார் சுற்றியவர், சாயம் போட்டவர், அட்டை அடித்தவர் என்று ஒரு வரிசையே அதன் பின்னால் இருக்கிறது. விஞ்ஞானம் இதைவிட அந்நியமானது அல்ல. அதை அந்நியமாக்கி, அருளாக்கி, அவனிடமிருந்து தூரத்தில் மாட்டியது நம் படங்கள்.

கலாம் படம் ஆரணிக்கு வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக நானும் போவேன். நடிப்பு, ஒப்பனை, தலைமுடி எப்படி என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். 1979 ஆகஸ்டுக்கும் 1980 ஜூலைக்கும் நடுவே படம் எத்தனை நிமிஷம் தங்குகிறது, அந்த நிமிஷங்களில் எத்தனை பேருக்கு முகம் இருக்கிறது என்பதை மட்டும் நான் எண்ணிக்கொண்டு வருவேன். எண்ணுவது என் தொழில்தானே.